வீட்டுப்பாடக் கணக்கோடு உட்காருவது எப்படி: கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளின் கணக்கு வீட்டுப்பாடத்துக்குத் துணையாக உட்காரும் அப்பா, அம்மா, அக்கா, அண்ணன்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரிப் பக்கம் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அதனால் உதாரணங்களும் இங்கிருந்தே வரும்: தேயிலை, உறைபனி, மலை ரயில், கேரட் பாத்தி.

உங்களுக்குக் கணக்கு மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. துணைக்கு உட்காருபவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வந்த விடை சரியா தப்பா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு இரண்டே வேலைகள். கணக்குப் போடுவதற்கு முன் விடை எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கும் என்று பிள்ளையை ஊகிக்க வைப்பது ஒன்று. போட்டு முடித்த பிறகு அந்த விடையைக் கேள்விக்குள்ளேயே திருப்பிப் போட்டுப் பார்க்க வைப்பது இன்னொன்று. கூட்டல் கழித்தலோ, இயற்கணிதமோ, வடிவியலோ, எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும் செல்லும்.

பேனாவை எடுப்பதற்கு முன்

கேள்வியை வாய்விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, அதே கேள்வியைக் கதையாகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் படுக மொழி பேசுகிற பிள்ளை படுக மொழியிலேயே சொல்லட்டும், கன்னடமோ மலையாளமோ பேசுகிற வீடானால் அதிலேயே சொல்லட்டும். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு இது ரொம்பவே முக்கியம். 'கணக்கு வரவில்லை' என்று சொல்லும் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கேள்விதான் புரிந்திருக்காது, கணக்கு வரும். கதையைத் தன் மொழியில் சொல்ல முடிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

அடுத்து, கேட்பது என்ன என்பதை அலகோடு தாளின் மேலே எழுதச் சொல்லுங்கள். 'எத்தனை ரூபாய்?', 'எத்தனை சதுர அடி?' என்று. கீழே கொடுத்திருக்கும் எண்களை வரிசையாக, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று எழுத வேண்டும். எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருக்கிவிடுகிற பழக்கம் இந்த இடத்தில்தான் நிற்கும்.

எண்கணிதம்: ஒரு தேயிலைக் கணக்கை நிதானமாகப் பார்ப்போம்

'ஒரு விவசாயி 40 கிலோ எடை காட்டிய பச்சைத் தேயிலை மூட்டையைக் கொடுக்கிறார். சாக்கு எடைக்காக 1.5 கிலோ கழிக்கிறார்கள். மீதியில் ஈரத்துக்காக 8 சதவீதம் கழிக்கிறார்கள். கிலோ 24 ரூபாய் என்றால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும்?' விலையும் கழிவும் நான் கணக்குக்காக வைத்தவை. ஆனால் மழைக்காலத்தில் இலை கொடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

முதலில் ஊகம். எதையுமே கழிக்காவிட்டால் 40 × 24 = 960. ஆகவே விடை 960-ஐத் தாண்டாது. கழிவு ஏறக்குறைய 5 கிலோ போகும் என்று வைத்தால் 35 × 24 = 840. விடை 840-க்குப் பக்கத்தில் இருக்கும். இதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும்.

இப்போது படிகள். 40 − 1.5 = 38.5 கிலோ. ஈரக்கழிவு: 38.5 × 8 ÷ 100 = 3.08 கிலோ. மீதி 38.5 − 3.08 = 35.42 கிலோ. பணம்: 35.42 × 24 = 850.08 ரூபாய். கடைசிப் பெருக்கலை 35 × 24 = 840, 0.42 × 24 = 10.08 என்று உடைத்துச் செய்தால் தப்பு குறையும்.

ஓரத்தில் 840 இருக்கிறது, விடை 850.08. சரி. தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்த பிள்ளைக்கு 8,500.80 வந்திருக்கும். 960-ஐத் தாண்டாது என்று எழுதிவைத்திருப்பதால் நீங்கள் வாயைத் திறக்கும் முன்னே அவளே பிடித்துவிடுவாள்.

திருப்பிப் போடுவது: 850.08 ÷ 24 = 35.42. அதோடு 3.08 சேர்த்தால் 38.5. அதோடு 1.5 சேர்த்தால் 40. மூட்டை எடைக்கே வந்து சேர்ந்துவிட்டோம்.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு கேள்வி இருக்கிறது. ஈரக்கழிவை முதலில் எடுத்துவிட்டு, பிறகு சாக்கு எடையைக் கழித்தால் என்ன ஆகும்? 40-இல் 8 சதவீதம் 3.2. மீதி 36.8. அதில் 1.5 போனால் 35.3 கிலோ, பணம் 847.20. 2 ரூபாய் 88 பைசா குறைகிறது. ஏனென்றால் சாக்குக்கும் சேர்த்து ஈரம் கழித்துவிட்டோம். 'மீதியில் 8 சதவீதம்' என்ற சொல் எவ்வளவு பெறும் என்று இதைவிட நன்றாகப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. சதவீதக் கணக்கு எதுவானாலும் 'எதில் சதவீதம்?' என்று கேட்கப் பழக்குங்கள்.

இதே கேள்விதான் விலை ஏற்ற இறக்கக் கணக்கிலும் உதவும். இலை விலை 20 ரூபாயிலிருந்து 25 ஆனால் ஏற்றம் 25 சதவீதம், 5-ஐ 20-ஓடு ஒப்பிடுகிறோம். 25-லிருந்து திரும்ப 20 ஆனால் இறக்கம் 20 சதவீதம்தான், அதே 5-ஐ இப்போது 25-ஓடு ஒப்பிடுகிறோம். 100 ரூபாய்ப் பொருளுக்கு 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் இறக்கினால் 96 ரூபாய்தான் வரும். பிள்ளை நம்ப மாட்டாள். போட்டுப் பார்க்கட்டும்.

பின்னம். நாலு, நாலரை கிலோ பச்சை இலைக்குச் சுமார் ஒரு கிலோ தூள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நாலரை என்றே வைத்துக்கொண்டால் 36 கிலோ இலைக்கு எவ்வளவு தூள்? 36 ÷ 4½. கலப்புப் பின்னத்தை முதலில் 9/2 ஆக்க வேண்டும். வகுப்பது என்றால் தலைகீழாக்கிப் பெருக்குவது: 36 × 2/9 = 8 கிலோ. 'ஏன் தலைகீழாக்க வேண்டும்?' என்று கேட்டால், 36 கிலோவை அரைக் கிலோக்களாக மாற்றிக் காட்டுங்கள்: 72 அரைகள். நாலரையில் 9 அரைகள். 72-ஐ 9-ஆல் வகுத்தால் 8. தலைகீழ் விதி செய்வது இதைத்தான்.

செயல் வரிசையில் ஒரே ஒரு பொறி. போட்மாஸ் (அடைப்புக்குறி, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்ற வரிசைக்கான ஆங்கிலச் சுருக்கம்) என்று மனப்பாடம் செய்த பிள்ளை, வகுத்தலுக்குப் பிறகுதான் பெருக்கல் என்றோ, பெருக்கல்தான் முதலில் என்றோ ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. வகுத்தலும் பெருக்கலும் ஒரே தரம். இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அது. 24 ÷ 4 × 2 என்றால் 12, மூன்று இல்லை. கூட்டல் கழித்தலுக்கும் இப்படியே.

குறை எண்களுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு டிசம்பர், ஜனவரி போதும். ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் இரவில் −2 டிகிரி, மறுநாள் மதியம் 17 டிகிரி என்றால் எத்தனை டிகிரி ஏறியது? 17 − (−2) = 19. −2-லிருந்து பூச்சியத்துக்கு இரண்டு படி, பூச்சியத்திலிருந்து 17-க்குப் பதினேழு படி. கழித்தலும் கழித்தலும் சேர்ந்து ஏன் கூட்டல் ஆகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மீச்சிறு பொது மடங்கா, மீப்பெரு பொதுக் காரணியா என்ற குழப்பத்துக்கு: 'மறுபடி எப்போது ஒன்றாக வரும்?' என்று கேட்டால் மடங்கு, 'மிச்சமில்லாமல் எவ்வளவு பெரிதாகப் பிரிக்கலாம்?' என்று கேட்டால் காரணி. 40 நிமிடத்துக்கு ஒன்று, 25 நிமிடத்துக்கு ஒன்று என்று புறப்படும் இரண்டு பஸ்கள் மறுபடி சேர்ந்து கிளம்ப 200 நிமிடம் ஆகும், அதாவது 3 மணி 20 நிமிடம்.

ஆள் கூடினால் நாள் குறையும் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 12 பேர் 6 நாளில் பறிக்கிற தோட்டத்தை 8 பேர் எத்தனை நாளில் பறிப்பார்கள்? ஆள் குறைகிறது, ஆகவே விடை 6-க்கு மேல். மொத்த வேலை 72 ஆள்நாள், 72 ÷ 8 = 9 நாள். ஊகத்தைச் செய்யாமல் நேர் விகிதம் போட்டால் 4 வரும். ஆள் குறைந்தால் வேலை சீக்கிரம் முடிகிற தோட்டத்தை யாரும் பார்த்ததில்லை.

இயற்கணிதம்: தெரியாததற்கு ஒரு பெயர்

பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். நான் இங்கே 'ப', 'க' என்று தமிழ் எழுத்துகளைப் போடுகிறேன். எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது, அதைப் பிள்ளைக்கும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ஒரு கேள்வி: 'மலைப் பூங்கா ஒன்றில் பெரியவருக்கு 50 ரூபாய், சிறுவருக்கு 30 ரூபாய் நுழைவுக் கட்டணம். 40 பேர் கொண்ட குழு 1,640 ரூபாய் கட்டியது. பெரியவர்கள் எத்தனை பேர்?'

எல்லோரும் சிறுவர் என்றால் 1,200. எல்லோரும் பெரியவர் என்றால் 2,000. 1,640 ஏறக்குறைய நடுவில். ஆகவே பாதிக்குக் கொஞ்சம் மேலே, இருபது இருபத்தைந்து பேர் பெரியவர்கள். இது ஊகம்.

பெரியவர்கள் 'ப' பேர் என்று வைப்போம். அப்படியானால் சிறுவர்கள் 40 − ப. இந்த இரண்டாவது வரியில்தான் நிறையப் பேர் நிற்பார்கள். சிறுவர்களுக்கு இன்னொரு எழுத்து வைத்தாலும் தப்பில்லை, ஆனால் வேலை நீளும்.

50ப + 30(40 − ப) = 1,640
50ப + 1,200 − 30ப = 1,640
20ப + 1,200 = 1,640
20ப = 440
ப = 22

பெரியவர்கள் 22, சிறுவர்கள் 18. திருப்பிப் போடுங்கள்: 22 × 50 = 1,100, 18 × 30 = 540, கூட்டினால் 1,640.

இதே கணக்கைப் பள்ளிக்கூடமே போகாத பாட்டி எப்படிப் போடுவார் தெரியுமா? 'எல்லாம் சின்னப் பசங்கன்னு வெச்சுக்கோ, 1,200 ஆச்சு. இன்னும் 440 மிச்சம். ஒரு பெரியவருக்கு இருபது ரூபா ஜாஸ்தி. 440-ல எத்தனை இருபது?' 22. மேலே உள்ள சமன்பாட்டின் மூன்றாம், நான்காம் வரிகளைப் பாருங்கள், பாட்டி சொன்னது வரிக்கு வரி அதுவேதான். எனக்கு இயற்கணிதம் சொல்லித்தரப் பிடித்த வழி இதுதான்: முதலில் வாய்க்கணக்காகப் போடவிட்டு, பிறகு அதையே எழுத்தில் எழுத வைப்பது.

இனி ஒரு சண்டை. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று சொல்லித்தருவது எனக்குப் பிடிக்காது. விரைவாக வேலை நடக்கும், உண்மைதான். ஆனால் 3ப = 12 வந்ததும் அதே பிள்ளை 3-ஐயும் 'அந்தப் பக்கம்' கொண்டுபோய் ப = 12 − 3 = 9 என்று எழுதும். மாறவேண்டியது என்ன, ஏன் என்பது அதற்குத் தெரியாது. தராசுத் தட்டுகள் போல, இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம் என்று முதல் சில வாரங்கள் முழு வரியாக எழுதவையுங்கள்:

5ப − 7 = 2ப + 11
இரு பக்கமும் 2ப கழிக்க: 3ப − 7 = 11
இரு பக்கமும் 7 கூட்ட: 3ப = 18
இரு பக்கமும் 3-ஆல் வகுக்க: ப = 6

சோதனை: 5 × 6 − 7 = 23, 2 × 6 + 11 = 23.

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் கவனம். 7 − 2(ப − 3) = 1. சரியான விரிவு 7 − 2ப + 6 = 1, அதாவது ப = 6. பெரும்பாலான பிள்ளைகள் 7 − 2ப − 6 = 1 என்று எழுதி ப = 0 என்று முடிப்பார்கள். நீங்கள் விதி எதையும் சொல்ல வேண்டாம். 'சரி, பூச்சியத்தைக் கேள்வியில் போடு' என்று மட்டும் சொல்லுங்கள். 7 − 2 × (−3) = 13 வரும். 1 வரவேண்டிய இடத்தில் 13. தப்பு எங்கே என்று பிள்ளையே தேடிப்போகும்.

(ப + க)² = ப² + க² என்ற தப்புக்கும் இதே மருந்து. ப = 3, க = 4 போடுங்கள். இடதுபுறம் 49, வலதுபுறம் 25. காணாமல்போன 24 எங்கே? ஏழடிக்கு ஏழடிச் சதுரப் பாத்தி ஒன்றை வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் 3, 4 என்று பிரித்துக் கோடு போடுங்கள். ஒரு மூலையில் 3 × 3 சதுரம், எதிர்மூலையில் 4 × 4 சதுரம், மீதி இரண்டு மூலைகளில் 3 × 4 செவ்வகங்கள் இரண்டு. அந்த இரண்டும் சேர்ந்துதான் 24. அதுதான் 2பக.

வடிவியல்: படம் பெரிதாக, அளவு படத்தின் மேல்

வடிவியலில் முதல் விதி, படத்தைக் கால் பக்கத்துக்காவது பெரிதாகப் போடுவது. கொடுத்த அளவு ஒவ்வொன்றும் படத்தின் மேல் ஏற வேண்டும். அலகுகள் கலந்திருந்தால் அப்போதே ஒன்றாக்கிவிட வேண்டும்.

பரப்பளவிலிருந்து தொடங்கலாம். மலைச்சரிவில் பாத்திகள் செவ்வகமாக இருப்பது அபூர்வம், சரிவகமாகத்தான் இருக்கும். இணைப் பக்கங்கள் 30 அடி, 42 அடி, இடைத்தூரம் 22 அடி என்றால் பரப்பு எத்தனை சென்ட்? 30 × 22 = 660, 42 × 22 = 924, விடை இவற்றுக்கு நடுவில் இருந்தாக வேண்டும். ½ × (30 + 42) × 22 = 792 சதுர அடி. சரியாக நட்டநடுவில். 1 ஏக்கர் 43,560 சதுர அடி, அதில் நூறில் ஒரு பங்கு 1 சென்ட், 435.6 சதுர அடி. 792 ÷ 435.6 = 1.82 சென்ட் சுமார். இங்கே வழக்கமான தப்பு, இடைத்தூரத்துக்குப் பதில் சாய்ந்த பக்கத்தின் நீளத்தைப் போடுவது. செங்குத்துக் கோட்டைப் புள்ளிக்கோடாக வரையச் சொன்னால் இது நின்றுவிடும்.

பித்தாகரஸ் தேற்றத்துக்கும் நிலமே உதாரணம். சரிவில் டேப்பைத் தரையோடு வைத்து அளந்தால் 10 மீட்டர், மேல்முனை கீழ்முனையைவிட 6 மீட்டர் உயரம். கிடைமட்டத் தூரம் எவ்வளவு? 10² − 6² = 100 − 36 = 64, √64 = 8 மீட்டர். நில அளவையில் எடுத்துக்கொள்வது இந்தக் கிடைமட்டத் தூரத்தைத்தான், சரிவின் நீளத்தை அல்ல. பிள்ளைக்குக் கேள்வி வேறு வடிவில் வரும், கேட்பது கர்ணமா (செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம்) மற்றப் பக்கமா என்று முதலில் பார்க்க வேண்டும். கர்ணம் கேட்டால் கூட்டல், மற்றப் பக்கம் கேட்டால் கழித்தல். கர்ணம்தான் எப்போதும் நீளம் என்ற ஒரு வரி ஊகம் பாதித் தப்புகளைப் பிடித்துவிடும்.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் பழம்பாடல் ஒன்று உண்டு: வர்க்கமூலமே இல்லாமல் கர்ணம் கண்டுபிடிக்கும் வழி. பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, சிறிய பக்கத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். 4, 3 போட்டால் 3.5 + 1.5 = 5, சரி. 12, 5 போட்டால் 10.5 + 2.5 = 13, அதுவும் சரி. இங்கேயே பெருமைப்பட்டு நிறுத்திவிடுகிறோம். 24, 7 போட்டுப் பாருங்கள்: 21 + 3.5 = 24.5. உண்மையில் 25. பத்தும் பத்தும் போட்டால் 13.75, உண்மையில் 14.14. அழகான தோராயம், கொத்தனார் வேலைக்குக் கைகொடுக்கும். பரீட்சைத் தாளில் எழுதினால் மதிப்பெண் போகும். ஒரு விதி இரண்டு எடுத்துக்காட்டுக்குப் பொருந்துவதற்கும் எப்போதும் பொருந்துவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட எனக்கு இது நன்றாகப் பயன்படுகிறது.

விகிதமும் முக்கோணமும் சேரும் இடம் மலை ரயில். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில், ஊட்டி நிலையம் 2,203 மீட்டர் உயரத்தில், நடுவே பாதை சுமார் 46 கிலோமீட்டர். சராசரியாக எத்தனை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது? ஏற்றம் 2,203 − 326 = 1,877 மீட்டர். 46 கிலோமீட்டரை 46,000 மீட்டராக மாற்ற வேண்டும், மறந்தால் விடை அபத்தமாகும். 46,000 ÷ 1,877 = 24.5 சுமார். ஆனால் பல்சக்கரம் கடித்து ஏறுகிற கல்லாறு–குன்னூர் பகுதியில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் வரை ஏறுகிறது. சராசரியைவிட இரு மடங்கு செங்குத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை கிட்டத்தட்டச் சமதளம் என்பதை ரயிலில் போன பிள்ளை தானே சொல்லும்.

12-க்கு 1 என்பதைப் படமாக வரையச் சொல்லுங்கள். கிடைமட்டம் 12, உயரம் 1, கர்ணம் √145, ஏறக்குறைய 12.04. சாய்வுக்கோணம் 5 டிகிரிக்கும் குறைவு. இவ்வளவு சின்னக் கோணத்துக்கா பல்சக்கரம் என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும். வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு அந்தச் சரிவே அதிகம்.

வடிவொத்த முக்கோணத்துக்கு (வடிவம் ஒன்றே, அளவு மட்டும் வேறு) வீட்டுக்கு வெளியே போய்விடுங்கள். ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு நிழலை அளந்தால் 80 சென்டிமீட்டர். அதே நேரத்தில் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தின் நிழல் 14.4 மீட்டர். 80 சென்டிமீட்டரை 0.8 மீட்டராக மாற்றி, உயரம் = 14.4 ÷ 0.8 = 18 மீட்டர். நிழல் குச்சியைவிடச் சிறிது, ஆகவே மரமும் தன் நிழலைவிட உயரமாக இருந்தாக வேண்டும், இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு எச்சரிக்கை தேவை: நிழல் சரிவில் விழுந்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். இறக்கத்தில் விழுகிற நிழல் நீளும், ஏற்றத்தில் விழுகிற நிழல் குறுகும். சமமான இடத்தில் நிற்கிற மரமாகப் பாருங்கள், பள்ளி மைதானம் சரியாக இருக்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் அன்றைக்கு வேறு பாடம்தான்.

மாட்டிக்கொண்டால்

பத்து நிமிடம் போராடியும் நகரவில்லை என்றால் எண்களைச் சின்னதாக்குங்கள். 35.42-க்குப் பதில் 10, 40 பேருக்குப் பதில் 3 பேர். சின்ன எண்ணில் வழி தெரிந்துவிட்டால் பழைய எண்களைத் திரும்ப வையுங்கள். போனில் படம் எடுத்தால் விடை சொல்லும் செயலிகளை நான் தடை செய்வதில்லை, ஆனால் சோதனைக்கு மட்டும், அதுவும் பிள்ளை தானே ஒரு விடை எழுதிய பிறகு. படிகளை ஒன்றுவிடாமல் எழுதட்டும். தப்பான வரியை அழிக்க வேண்டாம், ஒரு கோடு கிழித்தால் போதும். எந்த வரியில் தடம் மாறியது என்று பார்க்க அது வேண்டும்.

போட்டுப் பார்க்க மூன்று

ஒன்று: மொத்த எடை 52 கிலோ, சாக்குக்கு 2 கிலோ கழிவு, மீதியில் ஈரத்துக்கு 6 சதவீதம், கிலோ 22 ரூபாய். கையில் எவ்வளவு?

இரண்டு: அக்காவின் வயது தம்பியின் வயதைப் போல மூன்று மடங்கு. 6 வருடம் கழித்து இரண்டு மடங்காக இருக்கும். இப்போது இருவருக்கும் என்ன வயது?

மூன்று: செவ்வக வடிவச் சரிவு நிலத்தில் சரிவோடு அளந்த நீளம் 13 மீட்டர், இரு முனைகளின் உயர வித்தியாசம் 5 மீட்டர், சரிவுக்குக் குறுக்கே அகலம் 9 மீட்டர். கிடைமட்டப் பரப்பளவு என்ன?

விடைகள்: 1,034 ரூபாய். தம்பிக்கு 6, அக்காவுக்கு 18. 108 சதுர மீட்டர். மூன்றாவதற்கு 117 வந்திருந்தால் சரிவு நீளத்தையே பெருக்கியிருக்கிறீர்கள்.